விடுதி அறைக்கு ஏற்ற கைப்பணிப் பொருட்கள்: வந்தாறுமூலையிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கையால் செய்யப்படும் வீட்டுப் பொருட்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வீட்டில் பாவிப்பதற்கென்று செய்யப்படுவது. மற்றையது, அன்பளிப்பாகக் கொடுப்பதற்கென்று செய்யப்படுவது. குறைந்த செலவில் விடுதி அறையை அழகுபடுத்த நினைக்கும் மாணவர் முதல் வகையையே நாட வேண்டும் என்பதும், கண்ணாடி அலுமாரிக்குள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும் இரண்டாம் வகையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம் என்பதும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாக விடுதியில் வாழ்ந்துவரும் என்னுடைய முடிவு. அம்முடிவுக்கான காரணங்களைப் பொருள் பொருளாக எடுத்து இங்கே எழுதுகிறேன்.

விடுதி அறையின் நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும். இரும்புக் கட்டில், மெல்லிய மெத்தை, ஒரு மேசை, ஒரு கதிரை, பங்கிட்டுப் பாவிக்க ஓர் அலுமாரி, வெறும் சீமெந்துத் தரை, பூச்சு உரிந்த சுவர், திரை இல்லாத யன்னல் ஆகியவற்றோடு அறை நமக்குக் கையளிக்கப்படுகிறது. சுவரில் ஆணி அறைய அனுமதி இல்லை. வருட முடிவில் அறையை வெறுமையாக்கி ஒப்படைக்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு நிபந்தனையை நம் ஊர்க் காலநிலை விதிக்கிறது. ஐப்பசி முதல் தை வரையான மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரலிப்பு, ஓலை, புல், பஞ்சு, பலகை ஆகிய எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும். அதன் பின் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று அவற்றையே காயவைத்து நொறுக்கும். ஆகவே ஒரு பொருள் நல்லதா என்று நான் பார்த்தபோது மூன்று கேள்விகளைத்தான் கேட்டேன். மாரியைத் தாண்டுமா? ஆணி இல்லாமல் நிற்குமா? பேருந்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா? அழகு இந்த மூன்றையும் கடந்த பிறகே கணக்கில் வரும்.

செலவுக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை 15,000 ரூபா. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட, பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொலப் புலமைப்பரிசிலின் அந்த அளவில் பார்த்தால் அது இரண்டு மாதப் பணம். சாப்பாட்டுச் செலவையும் நிழற்பிரதிகளுக்கான செலவையும் அதே பணத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதுவும் அதிகம்தான். எனவே ஒரே தடவையில் எல்லாவற்றையும் வாங்காமல், பாய், துணி, கடகம், புத்தகத் தட்டு என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாங்குவது நல்லது. கீழே குறிப்பிடும் விலைகள் நான் வாங்கியபோது கொடுத்தவை. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை.

பன்பாயிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் அறையின் தோற்றத்தை வேறு எந்தப் பொருளும் இவ்வளவு மாற்றுவதில்லை. பன் என்பது சதுப்பு நிலங்களிலும் குளக்கரைகளிலும் வளரும் கோரை இனப் புல். அதை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயம் கரைத்த கொதிநீரில் அவித்து, மீண்டும் காயவைத்து, தறி எதுவும் இல்லாமல் தரையில் அமர்ந்து கையாலேயே இழைக்கிறார்கள். இரு மாவட்டங்களிலும் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வீட்டு வேலைகளுக்கிடையே செய்துவரும் தொழில் இது. சிவப்பு, பச்சை, ஊதாக் கோடுகள் ஓடும் ஒரு பாயைச் சாம்பல் நிறச் சீமெந்துத் தரையில் விரித்தவுடன் அறைக்கு ஒரு நடு உண்டாகிவிடுகிறது. கட்டிலில் இருந்து படிப்பவர்கள் தரைக்கு இறங்குகிறார்கள். பக்கத்து அறைப் பிள்ளைகள் வந்து அமர இடம் கிடைக்கிறது. இரண்டு பேர் தாராளமாக இருந்து படிக்கக்கூடிய நிறப்பாய்க்கு நான் 1,800 ரூபா கொடுத்தேன். சாயம் ஏற்றாத வெள்ளைப் பாய் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

நல்ல பாயைத் தெரிவு செய்வதற்குச் சில வழிகள் உண்டு. பாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இழைகளுக்கிடையே ஒளி ஊசிமுனை அளவில் மட்டும் தெரிய வேண்டும். பட்டையாகத் தெரிந்தால் அந்தப் பாய் தளர்ந்த இழைப்பு. நான்கு மூலைகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இழைத்தவர்கள் ஓரத்தில் மடித்த நுனிகளை ஆழமாகச் செருகாமல் வெட்டிவிடுவார்கள், அப்பாய் அந்த இடத்திலிருந்தே அவிழத் தொடங்கும். ஈரத்துணியைச் சாயக் கோடுகளின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்கவே வேண்டாம். கடைசியாக முகர்ந்து பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பன்னுக்கு வைக்கோலை ஒத்த மணம் இருக்கும், சரியாகக் காயாத பன் புளித்து மணக்கும். புளித்து மணக்கும் பாய் கார்த்திகை முடிவதற்குள் கரும்புள்ளி கட்டும்.

பன்பாயைச் சுவரில் தொங்கவிடும் பழக்கம் இப்போது விடுதிகளில் பரவியிருக்கிறது. படத்தில் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாரியில் நம் கட்டடங்களின் சுவர் ஈரத்தை உறிஞ்சும். பாய்க்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடாது. பின்பக்கம் முழுவதும் பூஞ்சணம் படர்ந்த பிறகே முன்பக்கத்தில் அடையாளம் தெரியும். எனக்குப் பாய் விற்ற மூதாட்டியிடம் சுவரில் மாட்டுவதற்கேற்ற சிறிய பாய் கிடைக்குமா என்று என்னோடு வந்த தோழி கேட்டபோது, “பாயெண்டா படுக்கத்தான் மகள், சுவத்தில மாட்டவா நாங்க இழைக்கிற?” என்று சிரித்தார். அவர் சொன்னதில் தொழில் அறிவு இருக்கிறது. தினமும் விரித்துச் சுருட்டும் பாய்க்குத் தினமும் காற்றுப் படுகிறது, அதனால்தான் அது பல வருடம் உழைக்கிறது. விரித்தபடியே விட்டுவிடும் பாயும் மாட்டிவைத்த பாயும் அந்த ஆயுளைக் காண்பதில்லை. பாயை மடிக்காமல் சுருட்ட வேண்டும் என்பதையும், வெயில் கண்ட நாளில் இரண்டு பக்கமும் மாற்றிக் காயவிட வேண்டும் என்பதையும், ஈரத் துணியால் துடைத்தால் உடனே உலர்த்த வேண்டும் என்பதையும் வீட்டில் பாய் பாவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சந்தையில் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் பாய் மலிவானது, கழுவலாம், பூஞ்சணம் பிடிப்பதும் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் அதன்மேல் இருப்பவருக்கு முதுகும் தொடையும் வியர்த்து ஒட்டும். சீமெந்துத் தரையில் வழுக்கவும் செய்யும். பன்பாயில் வியர்வை தங்குவதில்லை. நான் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் விலையைப் பாராமல் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது கைத்தறித் துணி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வீதியில், கல்முனைக்குச் சற்று முன்பாக உள்ள மருதமுனை, நாடறிந்த நெசவு ஊர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அதன் பிறகும் நெசவு அங்கே தொடர்ந்து நடைபெற்று வருகிறது. சாரமும் சேலையுமே அந்த ஊரின் முதன்மையான உற்பத்தி. நாம் தேடும் யன்னல் சீலையும் கட்டில் விரிப்பும் தனிப் பொருளாகவும் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் விலை மாணவருக்கு எட்டாது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மூட்டாத சாரத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமுள்ள அந்தத் துண்டு, விடுதி யன்னல் ஒன்றை மறைப்பதற்குப் போதும். மேல் ஓரத்தை மடித்துக் கயிறு நுழையும் அளவுக்குத் தைத்துவிட்டால் யன்னல் சீலை ஆகிவிடுகிறது. நான் இரண்டு துண்டுகளை 3,200 ரூபாவுக்கு வாங்கி, ஒன்றை யன்னலுக்கும் மற்றதைக் கட்டிலின் பக்கவாட்டு மறைப்புக்கும் பாவிக்கிறேன். தையற்கூலி 400 ரூபா. ஆணி தேவைப்படவில்லை, யன்னல் கம்பிகளின் இரு முனைகளிலும் நைலோன் கயிற்றை இறுக்கிக் கட்டினாலே போதுமானது.

சாரத்தின் கட்டங்களும் கோடுகளும் ஆண்களின் உடுப்பை நினைவூட்டும் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கருநீலம், கபிலம், கடும்பச்சை நிறத் துண்டுகளைத் தவிர்த்து, வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த கட்டத் துண்டைத் தெரிந்தெடுத்தால் அந்தக் குறை மறைந்துவிடும். காலை வெயில் அதன் ஊடாக வரும்போது அறை முழுவதும் மஞ்சள் பூசியது போலிருக்கும். இதற்காகவே என் அறைத்தோழி தன் அலாரத்தை நிறுத்திவிட்டார்.

கைத்தறி என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் கைத்தறி இல்லை. விசைத்தறித் துணியும் அதே கடைகளில் அதே அடுக்கில் இருக்கும். துணியின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்தால், நெசவின்போது அகலத்தை இழுத்துப் பிடிக்கும் கட்டையின் முட்கள் குத்திய சிறு துளைகள் கைத்தறியில் பெரும்பாலும் தென்படும். ஊடுநூலின் நெருக்கமும் இடத்துக்கு இடம் மயிரிழை அளவு மாறும். இது மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது என்றாலும், ஓரம் அச்சில் வார்த்தது போல ஒரே சீராக இருந்தால் விலையைப் பற்றி மீண்டும் ஒருமுறை பேசுவதில் தவறில்லை. அதைவிட முக்கியமானது கஞ்சி. கடையில் விறைப்பாக நின்ற துணி முதல் சலவையில் கஞ்சி நீங்கித் தளர்ந்து, நீளத்திலும் சற்றுக் குறைந்துவிடும். எனவே தைப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட வேண்டும். தைத்த பிறகு ஊறவைத்தால் யன்னலின் கீழ்ப்பகுதி வெளியே தெரியும். சாயத்தை உப்பு நீர் நிலைநிறுத்தும் என்று பலர் சொல்வார்கள். நல்ல சாயத்துக்கு உப்புத் தேவையில்லை, மட்டமான சாயத்தை உப்பு காப்பாற்றுவதும் இல்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பதே நம்பக்கூடிய சோதனை.

மருதமுனைக்குப் போக முடியாதவர்கள் காத்தான்குடிப் புடவைக் கடைகளில் கைத்தறித் துண்டுகளைத் தேடிப் பார்க்கலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மருதமுனை கைக்கெட்டும் தூரம். அவர்களுக்கு இந்தப் பகுதி நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நெசவாளரிடம் நேரே வாங்குவதில் விலைச் சலுகை பெரிதாக இல்லை, ஆனால் வெட்டுத் துண்டுகளும் சிறு பிசகு உள்ள துண்டுகளும் அங்கேதான் கிடைக்கும். யன்னல் சீலைக்கு ஓர் இழை பிசகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பனையோலைப் பொருட்களில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன இரு வகைகளின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. குருத்துக்கு அடுத்த நிலை ஓலையான சாரோலையில் பின்னி, பனைநாரால் விளிம்பு பொத்திய கடகம் நெல்லும் அரிசியும் சுமப்பதற்கென்று உருவானது. அழுக்குத் துணி போடுவதற்கும், புத்தகங்களை அடுக்கிக் கட்டிலின் கீழே தள்ளிவைப்பதற்கும் அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. காற்று ஓடுவதால் ஈரத் துணி அதற்குள் நாறுவதில்லை. நான் 900 ரூபாவுக்கு வாங்கிய கடகம் ஒரு மாரியைக் கடந்து, விளிம்பு சற்றுக் கறுத்ததைத் தவிர வேறு பழுதின்றி இருக்கிறது. சுளகு ஒன்றை மேசையின் மேல் வைத்துப் பேனா, சீப்பு, திறப்பு, மருந்து ஆகிய சில்லறைப் பொருட்களுக்குத் தட்டாகப் பாவிக்கிறேன்.

இதற்கு எதிராக, வெண்மையான குருத்தோலையில் மெல்லிதாகப் பின்னி, பளிச்சென்ற சாயமும் நாடாவும் சேர்த்து விற்கப்படும் மூடிப் பெட்டிகளையும் பேனாத் தாங்கிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைப்பாடு மிக நுண்மையானது, செய்தவரின் கைத்திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் விலை கடகத்தை நெருங்கும், கொள்ளும் பொருளோ ஒரு கைப்பிடி. குருத்தோலை மென்மையானதால் மாரியில் தொய்ந்து, மூடி பெட்டியோடு பொருந்தாமல் போகிறது. கச்சான் காலத்தில் மடிப்புகளில் வெடிக்கிறது. பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்கு மிக நல்லது. கொடுக்கப்பட்டவர் அதை அலுமாரிக்குள் வைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் அது செய்யப்படுகிறது.

என்னுடைய இந்த விதிக்கு விலக்கான ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் அறைத்தோழி பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் கூம்பு முனையில் வயரை நுழைத்து, குறைந்த வலுவுள்ள எல்.ஈ.டி. மின்குமிழைப் பொருத்தித் தன் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறார். ஓலைப் பின்னலின் நிழல் சுவர் முழுவதும் விழுகிறது. நூற்றுக்கணக்கில் செலவழித்து முடிந்த அந்த விளக்கு, கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்கப்படும் சிரட்டை விளக்குகளைத் தோற்கடிக்கிறது. சூடேறும் பழைய வகைக் குமிழை ஓலைக்கு அருகில் மறந்தும் பொருத்தக் கூடாது என்பதையும், எங்கள் விடுதியில் தனி விளக்குக்கு மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிரட்டை வேலைகளைப் பற்றி இங்கேயே முடித்துவிடலாம். மெருகேற்றிய சிரட்டைக் கிண்ணமும் கரண்டியும் சமையலறைக்கு உகந்தவை. விடுதியில் சமைக்க இடமில்லாததால் அவை மேசையில் தூசி பிடிக்கும். சிப்பியும் சோகியும் ஒட்டிய படச் சட்டங்கள் ஒட்டுப்பசை ஈரத்தில் விட்டுக்கொடுக்கும் வரைதான் அழகு.

மண்பாண்டங்களுக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. சந்தையில் கிடைக்கும் சிறிய முட்டிகள் பேனாவுக்கும் செடிக்கும் போதும். விலை மலிவு, உடைந்தாலும் மனம் வருந்தாது. மண்குடம் மட்டும் சற்றுக் கவனத்துக்குரியது. குடத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. எனவே காற்று உலர்ந்திருக்கும் கச்சான் காலத்தில் குளிரூட்டி இல்லாத விடுதிக்கு அது பெரும் வரப்பிரசாதம். காற்றே நீராக நிற்கும் மார்கழியில் அதே குடம் வெறும் பாத்திரம்தான், அடியில் ஈரம் வடிந்து மேசையையும் கெடுக்கும். அதன் கீழ் ஒரு மண் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் போடும் தும்புக் கால்மிதிக்கு 700 ரூபா கொடுத்தேன். மழைக்காலத்தில் செம்மண்ணை அறைக்குள் வரவிடாமல் தடுக்கிறது, முதல் சில வாரங்கள் தும்பு உதிர்க்கிறது, அவ்வளவுதான்.

செலவில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டது புத்தகத் தட்டு. இறக்குமதிச் சரக்குகளோடு வரும் பெலட் எனப்படும் மரத்தட்டுகளைப் பிரித்தெடுத்த பைன் பலகையில், வீதியோரத் தச்சுப் பட்டறை ஒன்றில் 5,500 ரூபாவுக்குச் செய்வித்தேன். கடைகளில் விற்கப்படும் அழுத்திய தூள்பலகைத் தட்டும் ஏறத்தாழ இதே விலைதான். ஆனால் தூள்பலகை ஈரத்தில் ஊதிப் பிளந்துவிடும், பைன் ஊதினாலும் காய்ந்து பழைய நிலைக்கு வரும். பெலட் பலகை வாங்கும்போது அதில் சூடு போட்டுப் பதித்திருக்கும் முத்திரையைப் படிக்க வேண்டும். எச்.ரி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் பலகை வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது, அறைக்குள் வைக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகையால் பூச்சி அழிக்கப்பட்டது, படுக்கும் அறைக்கு அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். எண்ணெய் அல்லது இரசாயனக் கறை படிந்த பலகையையும் அவ்வாறே ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் அது எதன் கீழ் கிடந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பட்டறையின் சேவையைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் கொண்டிருக்கிறேன். அளவு பிசகவில்லை, மேசைக்கும் அலுமாரிக்கும் இடையிலான இடைவெளிக்குள் தட்டு சரியாகப் போய் நின்றது. ஆணிக்குப் பதிலாக நட்டும் போல்ட்டும் போட்டுத் தரும்படி கேட்டபோது தச்சர் முதலில் தயங்கினாலும், விடுதியை விட்டுப் போகும்போது கழற்றிக் கட்ட வேண்டும் என்று விளக்கியபின் அதற்கென்று தனிக்கூலி கேட்காமல் செய்து கொடுத்தார். ஆனால் சொன்ன தவணையில் கிடைக்கவில்லை, ‘நாளைக்கு வாங்க தங்கச்சி’ என்பது பல நாட்களுக்கு நீண்டது. பலகையின் மேற்பரப்பும் சிராய் நிறைந்தபடியே கைக்கு வந்தது. அரத்தாள் வாங்கி விடுமுறை நாளொன்றில் நாங்களே தேய்த்து, நிறமற்ற வார்னிஷ் ஒரு கை பூசினோம். முற்பணத்தைப் பாதிக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் இந்தத் தாமதம் குறைந்திருக்கக்கூடும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள்.

தும்புக் கயிற்றில் பலகையைக் கட்டி யன்னல் கம்பியிலிருந்து தொங்கவிடும் தட்டுகளையும் சில அறைகளில் பார்க்கிறேன். செலவு மிகக் குறைவு, தோற்றமும் கவர்ச்சியானது. தும்புக் கயிறு பாரத்தில் ஒரே அளவாக நீள்வதில்லை. ஒரு பக்கம் இறங்கியதும் பொருட்கள் சரியத் தொடங்குகின்றன. துணிப் பூ, சிறு முட்டி, நிழற்படம் போன்ற பாரமற்ற பொருட்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன். பாடப் புத்தகம் வைக்க ஏற்றதல்ல.

தலையணைகளுக்கும் சாய்வணைகளுக்கும் இலவம்பஞ்சு அடைத்ததையே ஊரில் விற்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அதற்கு இணையான மென்மை வேறெதிலும் இல்லை. ஆனால் அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டாவிட்டால் கட்டி கட்டியாகத் திரளும், கழுவவும் முடியாது. தும்மல் உள்ளவர்கள் அறையில் இருந்தால் தவிர்க்கவும். தையற்கடைகளில் கேட்டால் சும்மாவோ சிறு தொகைக்கோ தரும் வெட்டுத் துணிகளைத் திணித்துத் தைத்த சாய்வணை பாரமாக இருந்தாலும் பிரித்துக் கழுவிக் காயவைக்கலாம். அதே வெட்டுத் துணிகளில் ஓரளவு பெரியவற்றைத் தெரிந்தெடுத்து, பழைய சேலையின் மேல் பை பையாகத் தைத்து அலுமாரிக் கதவின் உட்புறம் தொங்கவிட்டால் உள்ளாடை, காலுறை, மின்னேற்றி எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். கையூசியே போதும், பேச்சோடு பேச்சாக ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை.

பேரம் பேசுவதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். கடைக்காரரிடம் பேசுங்கள், இழைத்தவரிடம் பேசாதீர்கள். பன்னை அறுப்பதிலிருந்து ஓரம் மடிப்பது வரை ஒரு பாய்க்குப் போகும் நாட்களைக் கூலியாகக் கணக்கிட்டால், அவர்கள் கேட்கும் விலையில் கூலி என்று ஒன்று மிஞ்சுகிறதா என்பதே ஐயம். கடையில் நான் பார்த்த அதே தரமான பாய், இழைத்தவரின் வீட்டு வாசலில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்த விலைக்குக் கிடைத்தது. அந்த வேறுபாடே மாணவருக்குப் போதுமான சலுகை. அன்பளிப்புக் கடைகளில் விலை ஏறியிருப்பதற்குச் செய்தவர் காரணமில்லை. பொதி, காட்சி அலுமாரி, கடை வாடகை ஆகியவையே காரணம்.

என்னிடம் 5,000 ரூபா மட்டும் இருந்தால் என்ன வாங்குவேன் என்று முதலாம் வருடப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாய், ஒரு சாரத் துண்டு, கடகம், இரண்டு சிறு முட்டிகள். இவை நான்கும் தையற்கூலியோடு அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். புத்தகத் தட்டை அடுத்த தவணைப் புலமைப்பரிசில் வரும்வரை தள்ளிப்போடலாம். அதுவரை கடகம் புத்தகங்களைத் தாங்கும். அறையை ஒப்படைக்கும் நாளில் துணியை மடித்துக் கடகத்துக்குள் வைத்து, பாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, தட்டின் பலகைகளைக் கழற்றி ஒரே கட்டாக்கினால், மூன்று பொதிகளோடு மட்டக்களப்புப் பேருந்தில் ஏறிவிடலாம். நடத்துநர் பாய்க்குத் தனிக் கட்டணம் கேட்கமாட்டார், பலகைக்குக் கேட்கக்கூடும்.

புதிய கல்வியாண்டு எந்த மாதத்தில் தொடங்கினாலும் பாயையும் ஓலைப் பொருட்களையும் புரட்டாதி முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு விற்பனைக்கு வருபவற்றில் அரைகுறையாகக் காய்ந்தவை கலந்திருக்கும். நல்ல பாய் இழைப்பவர்களிடம் அந்நாட்களில் கேட்டாலும், வெயில் வரட்டும், தைக்குப் பிறகு வாருங்கள் என்றே சொல்லி அனுப்புவார்கள்.